தூரமா, வேகமா?

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு வருகிற ஆணிடம் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிக் காட்டச் சொல்கிறது. பெண்ணுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 வினாடி. ராணுவத்தின் அக்னிவீர் தேர்வில் 1600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் ஓட்டத்துக்கான முழு மதிப்பெண்ணான 60 கிடைக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்து அண்ணா விளையாட்டு மைதானத்திலும், தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலும், சிதம்பரத்தில் அண்ணாமலை நகர்ச் சாலைகளிலும் விடியுமுன் ஓடுகிற இளைஞர்களில் பெரும்பாலோர் இந்த எண்களில் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள்.

அவர்களோடு இன்னொரு கூட்டமும் ஓடுகிறது. நாற்பதைத் தொட்ட ஆசிரியர், வங்கி ஊழியர், சிப்காட்டில் ஷிப்டு பார்க்கும் பொறியாளர், ஞாயிற்றுக்கிழமை நெய்வேலியிலிருந்து சைக்கிளில் கிளம்பிச் சிதம்பரம் வந்து திரும்புகிறவர். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு நடக்க ஆரம்பித்து, நடை ஓட்டமாக மாறி, ஆரோவில் மாரத்தானிலோ சென்னை மாரத்தானிலோ 21 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தவர்கள் இவர்களில் பலர். வேலைத் தேர்வுக்கு ஓடுகிறவருக்கும் இவர்களுக்கும் வயதும் நோக்கமும் வேறு, கேள்வி ஒன்றுதான். கையில் இருக்கும் நேரம் கொஞ்சம். அதில் நிறையத் தூரம் ஓடுவதா, குறைவாகவும் கடுமையாகவும் ஓடுவதா?

உலகம் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக இதைப் பேசிக்கொண்டிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஊரில் பெரும்பாலோர் இந்த இரண்டில் எதையும் செய்வதில்லை. தூரமும் சேர்வதில்லை, உண்மையான வேகமும் பழகுவதில்லை. தினமும் நாக்குத் தள்ளுகிற ஒரே மாதிரி ஓட்டம் ஒன்றை ஓடிவிட்டு வீடு திரும்புகிறார்கள். இதை மாற்றினாலே பாதிப் பேருக்கு டைமிங் குறையும் என்று நம்புகிறேன்.

அதிகாலை ஐந்தரைக்கு மைதானத்தின் ஓரமாக நின்று பார்த்தால் இது புரியும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு ரவுண்டு வார்ம்-அப் போவார்கள். கை கால்களை உதறிக்கொள்வார்கள். ஒருவன் செல்போனில் ஸ்டாப்வாட்சை எடுத்து வைத்துக்கொண்டு கோட்டருகே நிற்பான். 'ஸ்டார்ட்' என்றதும் முதல் ரவுண்டில் எல்லோரும் பறப்பார்கள். 400 மீட்டர் 1 நிமிடம் 35 வினாடியில் போய்விடும். மூன்றாவது ரவுண்டில் தோள் தூக்கிக்கொள்ளும், தலை பின்னால் சாயும், அதே 400 மீட்டருக்கு 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். முடிந்ததும் முட்டியைப் பிடித்துக் குனிந்து நிற்பார்கள். "எவ்ளோ மச்சான்?" "ஏழு பத்து." "நேத்தும் ஏழு பத்துதான்டா." மறுநாளும் அதே. தேர்வில் நடக்கப்போவதைத் தினமும் ஒருமுறை நடத்திப் பார்ப்பதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வார்ம்-அப் ரவுண்டையும் சேர்த்து நாளுக்கு 2 கிலோமீட்டருக்குக் குறைவு. வாரம் ஆறு நாள் வந்தாலும் 12 கிலோமீட்டரைத் தாண்டாது. கடுமையான ஓட்டம் என்று பார்த்தால் நாளுக்கு ஏழு நிமிடம். அதிலும் தேவையான வேகத்தில் ஓடியது முதல் இரண்டு ரவுண்டு மட்டும். மிச்சமெல்லாம் களைத்த கால்களோடு இழுத்துக்கொண்டு போனது. ஏழு நிமிடத்தில் முடிக்க 400 மீட்டரை 1 நிமிடம் 52 வினாடி வீதம் ஓடினால் போதும் என்பதைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். முதல் ரவுண்டில் அவ்வளவு பறக்க வேண்டிய அவசியமே இல்லை.

1500 மீட்டர் என்பதைக் குறும் ஓட்டம் என்று நினைப்பதிலிருந்து இந்தப் பழக்கம் பிறக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஸ்பென்சர், காஸ்டின் இருவரும் 2001-இல் வெளியிட்ட அளவீட்டில், பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் 1500 மீட்டர் ஓடும்போது செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய 84 சதவீதம் ஆக்சிஜனைக் கொண்டு எரித்துப் பெற்றதாக இருந்தது. 800 மீட்டருக்கு 66, 400 மீட்டருக்கு 43 சதவீதம். நான்கு நிமிடத்தை ஒட்டி முடிக்கிறவர்களுக்கே இப்படி என்றால், ஏழு நிமிடம் ஓடுகிறவருக்கு அந்தப் பங்கு இன்னும் கூடும். அதாவது காவலர் தேர்வு ஒரு தாங்குதிறன் தேர்வு. மாரத்தான்காரருக்கு எந்த இதயமும் எந்த ரத்த ஓட்டமும் வேண்டுமோ அதேதான் காவலர் தேர்வுக்கு ஓடுகிறவனுக்கும் வேண்டும், அளவு மட்டும் குறைவு.

இனி உலக வாதத்துக்கு வருவோம். செக் நாட்டு எமில் ஜடோபெக் 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப, ஒரே நாளில் பல பத்து முறை ஓடிப் பழகி 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினார். அதைப் பார்த்து இடைவெளிப் பயிற்சி, அதாவது இன்டர்வெல், உலகெங்கும் பரவியது. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் எதிர்த்திசையில் போனார். 800 மீட்டர் ஓடுகிறவனையும் வாரம் 160 கிலோமீட்டர் ஓட வைத்தார். அவருடைய மாணவர் பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். இதில் கவனிக்க வேண்டியது, ஜடோபெக் ஓடியது எல்லாம் இன்டர்வெல் என்றாலும் மொத்தத் தூரம் மிகப் பெரியது. லிடியார்டும் பல மாதத் தூரத்துக்குப் பிறகு வேகப் பயிற்சியைக் கட்டாயம் வைத்தார். பின்னால் வந்தவர்கள் ஒருவரிடமிருந்து பாதியையும் மற்றவரிடமிருந்து பாதியையும் பிய்த்து எடுத்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

ஆய்வகங்கள் இந்தச் சண்டைக்குள் பெரிதாக நுழைந்தது 1990-களிலிருந்து. ஜப்பானில் இசுமி தபாட்டா 1996-இல் காட்டியது இது: 20 வினாடி முழுமூச்சாக மிதித்து 10 வினாடி ஓய்வெடுப்பதை ஏழெட்டு முறை செய்கிற பயிற்சி, ஆறு வாரத்தில் ஆக்சிஜன் உள்வாங்கும் திறனையும் ஆக்சிஜன் இல்லாமல் தாக்குப்பிடிக்கும் திறனையும் சேர்த்தே உயர்த்தியது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலாவின் குழு 2006-இல் இன்னும் துணிந்தது. இரண்டு வாரத்தில் ஆறு நாள், 30 வினாடி முழு வேக மிதிப்பு நான்கிலிருந்து ஆறு முறை. மொத்த நேரம் இரண்டரை மணி. மறு குழு நிதானமாக மிதித்தது, மொத்தம் பத்தரை மணி. தசையிலும் சைக்கிள் மிதிக்கும் திறனிலும் வந்த முன்னேற்றம் ஒன்றுபோலவே இருந்தது. 2016-இல் அதே பல்கலைக்கழகம் பன்னிரண்டு வாரச் சோதனையில், மூன்று முறை 20 வினாடி முழு வேகம் மட்டுமே கொண்ட பத்து நிமிடப் பயிற்சி, 45 நிமிட நிதானப் பயிற்சிக்கு ஈடான பலன் தந்ததாகச் சொன்னது. நார்வேயின் டிரான்ட்ஹெய்மில் ஹெல்கெருட் 2007-இல் நான்கு நிமிடக் கடும் ஓட்டத்தை நான்கு முறை வைத்து, எட்டு வாரத்தில் ஆக்சிஜன் திறன் 7 சதவீதம் கூடியதைக் காட்டினார். அதே அளவு சக்தியை மெதுவாக ஓடிச் செலவழித்தவர்களிடம் அந்த மாற்றம் தென்படவில்லை.

இவை நல்ல ஆய்வுகள். இவற்றைப் படித்துவிட்டு 'தூரம் ஓடுவது வீண் வேலை' என்று முடிவு கட்டியவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிட்டார்கள். ஒன்று, கால அளவு: இரண்டு வாரம், எட்டு வாரம், பன்னிரண்டு வாரம். கடும் பயிற்சியின் பலன் சீக்கிரம் வந்து சீக்கிரமே நின்றுவிடும். தூரத்தின் பலன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊறி வருவது. இரண்டு, மெக்மாஸ்டரின் சோதனைகள் சைக்கிள் மீது நடந்தவை. சைக்கிளில் முழு வேகம் மிதிக்கிறவனுக்குத் தரையின் அடி இல்லை. அதே முழு வேகத்தை, இதுவரை வாரத்துக்கு 10 கிலோமீட்டர்கூட ஓடாத ஒருவன் தார்ச்சாலையில் ஓடினால் கெண்டைக்காலோ தொடைத்தசையோ முதலில் பதில் சொல்லும்.

தூரத்தின் பக்கத்தில் நிற்கும் ஆதாரம் வேறு வகையானது. அமெரிக்காவில் பிறந்து நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர், உலகத் தரமான படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள், ஓட்டக்காரர்கள், சைக்கிள் வீரர்கள் ஆகியோரின் பயிற்சிக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தார். பயிற்சி வேளைகளில் ஐந்தில் நான்கு பங்கு எளிது, ஒரு பங்கு கடுமை என்ற ஒழுங்கு திரும்பத் திரும்ப வந்தது. எண்பதுக்கு இருபது என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இது பயிற்சி வேளைகளின் கணக்கு. நிமிடக் கணக்கில் பார்த்தால் கடுமையின் பங்கு இன்னும் குறைந்து பத்து சதவீதத்துக்கு அருகில் வந்துவிடும். நம் ஊரில் எண்பது–இருபது பேசுகிறவர்கள் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

உச்ச வீரர்களின் வழக்கம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். சமீபத்தில் 1,19,000-க்கும் மேற்பட்ட சாதாரண மாரத்தான் ஓட்டக்காரர்களின் செயலிப் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று வந்தது. எல்லோருக்கும் சராசரி வாரம் 45 கிலோமீட்டர். இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் முடிக்கிறவர்கள், மெதுவாக முடிக்கிறவர்களைப்போல மூன்று மடங்குக்கும் மேல் ஓடியிருந்தார்கள். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அடுத்த செய்தி: நடுத்தர, கடும் வேகத்தில் செலவழித்த நேரம் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேகமானவர்கள் கூடுதலாக ஓடியதெல்லாம் எளிய ஓட்டம். தூரம்தான் அவர்களை வேகமாக்கியது என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. திறமையும் நேரமும் உள்ளவர்களால் அதிகம் ஓட முடிகிறது என்றும் வாதிடலாம். ஆனால் சூரிக்கில் மோன்டெரோவும் லுண்ட்பியும் 2017-இல் செய்த சோதனை அந்த வாதத்தைப் பலவீனமாக்குகிறது. 78 பேரை ஐந்து குழுவாகப் பிரித்து வாரம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை பயிற்சி தந்தார்கள். வாரம் ஒரு மணி செய்தவர்களில் 69 சதவீதம் பேருக்கு முன்னேற்றமே இல்லை. இரண்டு மணிக்கு 40, மூன்று மணிக்கு 29. நான்கு, ஐந்து மணி செய்த குழுக்களில் முன்னேறாதவர் ஒருவர்கூட இல்லை. 'எனக்கு உடம்பு ஏறாது சார்' என்று சொல்கிற பையன்களிடம் முதலில் கேட்க வேண்டியது வாரத்துக்கு எத்தனை மணி ஓடுகிறாய் என்பதுதான்.

நம் கேள்விக்கு மிக நெருங்கி வருவது ஸ்பெயினில் முன்யோஸும் எஸ்தெவே-லனாவோவும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு. வேலைக்கு நடுவில் ஓடுகிற 30 பேர், பத்து வாரம். ஒரு குழு பெரும்பாலும் மெதுவாகவும் சிறிதளவு மிகக் கடுமையாகவும் ஓடியது. மறு குழு அதிகமும் நடுத்தர வேகத்தில் ஓடியது. 10 கிலோமீட்டர் நேரம் முதல் குழுவுக்கு 5 சதவீதமும் இரண்டாவதுக்கு 3.6 சதவீதமும் குறைந்தது. இந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லப் போதாது. ஆனால் கொடுத்த திட்டத்தை உண்மையிலேயே கடைப்பிடித்தவர்களை மட்டும் எடுத்தபோது 7 சதவீதத்துக்கு எதிராக 1.6 சதவீதம் என்று இடைவெளி விரிந்தது. மெதுவாக ஓடச் சொல்லப்பட்டவர்கள் மெதுவாக ஓடாததுதான் முதல் கணக்கைக் கலக்கியிருக்கிறது. இது ஸ்பெயினுக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது இது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டுமே வாய்க்கிறவர் அதில் ஒரு நாளையாவது கடுமையாக வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்குத் தூரம் எப்படியும் சேரப்போவதில்லை. நான்கு நாளுக்கு மேல் வாய்க்கிறவருக்குக் கூடுதல் நாட்கள் எல்லாம் எளிய ஓட்டமாகவே போக வேண்டும். இரண்டுக்கு மேல் கடும் நாள் யாருக்கும் தேவையில்லை. நடுத்தர வேகத்தை விஷம் என்று நான் சொல்லவில்லை, நார்வே ஓட்டக்காரர்கள் அதை அளந்து அளந்து பயன்படுத்துகிறார்கள். அதைத் தினமும் அளவில்லாமல் ஓடுவதுதான் கேடு.

பெரிய வீரரின் அட்டவணையை வாங்கி ஒட்டிக்கொள்வதும் உதவாது. புதுக்கோட்டை ஜி. லட்சுமணன் 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். எஸ். லோகநாதன் என்ற ஒரு பயிற்சியாளரின் கீழ் ஊர் மைதானத்தில் இளமையிலேயே தொடங்கிப் பல ஆண்டு ஓடி வளர்ந்த உடம்பு அது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஆண்டுகளின் தொடர்ச்சியை. அவருடைய ஒரு வாரத்துக் கிலோமீட்டரை அல்ல.

மேலே சொன்ன ஆய்வுகளில் பல குளிர்நாடுகளில் நடந்தவை. நம் கடற்கரையில் அவற்றை அப்படியே இறக்க முடியாது. இங்கே விடியற்காலையில்கூடக் காற்றில் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்பது சாதாரணம். வியர்வை வழியுமே தவிர உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குப் போகும், தசைக்குக் குறையும் ரத்தத்தை ஈடுகட்ட இதயம் இன்னும் வேகமாக அடிக்கும். பிப்ரவரியில் எளிதாக இருந்த கிலோமீட்டருக்கு ஆறரை நிமிட வேகம், கத்திரி வெயில் காலத்தில் உடம்புக்குள் கடும் பயிற்சியாக மாறிவிடும். கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்றும் மாறியிருக்காது. வட அமெரிக்க மாரத்தான்களின் நேரங்களை 2007-இல் ஆராய்ந்த இலி குழுவினர், வெக்கை ஏற ஏற மெதுவாக ஓடுகிறவர்களின் நேரம்தான் அதிகமாகக் கெடுகிறது என்று கண்டார்கள். வெயிலில் அதிக நேரம் நிற்பவர் அவர்தானே.

ஆகவே இங்கே எளிய ஓட்டத்தை வேகத்தால் அளக்கக் கூடாது, மூச்சால் அளக்க வேண்டும். ஓடும்போது ஒரு குறளை நடுவில் மூச்சு வாங்காமல் முழுதாகச் சொல்ல முடிந்தால் அது எளிய ஓட்டம். நான்காவது சீரிலேயே மூச்சு முட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டியிருந்தால் நடக்க வேண்டும். வெக்கைக்கு உடம்பு பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் பிடிக்கும். அந்த நாட்களில் கடும் பயிற்சியே வேண்டாம். இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் ஜார்க்கண்டில் கலால் துறைக் காவலர் தேர்வுக்காக ஆண்களை ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடச் சொன்னபோது பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தார்கள். அரசு தேர்வைச் சில நாள் நிறுத்திவைத்தது. பழகாத உடம்பு, வெக்கை, வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு மூன்றும் ஒன்று சேரும் இடத்துக்கு நம் பிள்ளைகளும் அனுப்பப்படுகிறார்கள் என்பதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

சில்வர் பீச் மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'மணல்ல ஓடுனா கால் நல்லா ஏறும்' என்பது கடலூரில் பரம்பரையாக வரும் வாக்கு. அதில் உண்மை இருக்கிறது. பெல்ஜியத்தில் லெஜூன் குழு 1998-இல் அளந்தபோது, மணலில் ஓடுவதற்குக் கெட்டியான தரையைவிட 1.6 மடங்கு சக்தி செலவானது. அப்படியானால் தேவனாம்பட்டினத்தில் அலை தொடாத பொதிமணலில் அரை மணி ஓடுகிறவன் அன்றைக்குக் கடும் பயிற்சி செய்துவிட்டான். அதை எளிய நாளின் கணக்கில் எழுதி, மறுநாள் மைதானத்தில் மறுபடி நேரம் பார்க்க நிற்கிறான். பிறகு கால் ஏன் எழவில்லை என்று திகைக்கிறான். அலை நனைத்துப்போன கெட்டி மணலில், சரிவு இல்லாத இடத்தில், மெதுவாக ஓடினால் அது நல்ல எளிய ஓட்டம். இரண்டுக்கும் நடுவே பத்தடிதான் தூரம்.

பிறகு மழை. கடலூர் மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவம் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை அடித்துப் பெய்யும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. 2015 நவம்பரில் வெள்ளம் ஊரைச் சூழ்ந்தது. அவ்வளவு மோசமில்லாத ஆண்டிலும் மைதானம் சேறாகும், கெடிலம் ஆற்றின் கரையோரப் பாதை வழுக்கும், வாரத்தில் இரண்டு நாள் ஓட முடிந்தாலே பெரிது. ஐப்பசி வந்ததும் பயிற்சியைக் கைவிட்டுத் தைக்குப் பிறகு முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. சிக்காகோவில் ராபர்ட் ஹிக்சன் 1980-களில் செய்த ஆய்வுகள் இதற்கு மாற்று வழி சொல்கின்றன. வாரம் ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று பத்து வாரம் பழகியவர்களின் பயிற்சியை அடுத்த பதினைந்து வாரம் குறைத்துப் பார்த்தார். நாட்களை இரண்டாகக் குறைத்தாலும், நேரத்தை 13 நிமிடமாகக் குறைத்தாலும், கடுமை அப்படியே இருந்தவரை ஆக்சிஜன் திறன் இறங்கவில்லை. கடுமையைக் குறைத்தவர்களுக்கு இறங்கியது. 13 நிமிடக் குழு நீண்ட நேரம் தாக்குப்பிடிப்பதில் மட்டும் கொஞ்சம் இழந்தது. வருடத்தின் மற்ற மாதங்களில் தூரத்தின் பக்கம் நிற்கும் நான் மழைக்காலத்தில் கட்சி மாறுகிறேன். வாரம் இரண்டு நாள், நன்றாக வார்ம்-அப் செய்து, மேம்பாலத்தின் ஏற்றத்திலோ மழைவிட்ட நேரத்துச் சாலையிலோ நான்கு நிமிட ஓட்டம் நான்கு. அவ்வளவே போதும், சேர்த்த சொத்து கரையாது.

காயத்தைப் பற்றிய நம்பிக்கைகளும் மாறி வருகின்றன. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்பது பழைய விதி. நெதர்லாந்தின் குரோனிங்கனில் 532 புதியவர்களை வைத்து 2008-இல் சோதித்தபோது, அந்த விதிப்படி நிதானமாகக் கூட்டியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் காயம் ஏறக்குறைய ஒரே அளவில், ஐந்தில் ஒருவருக்கு வந்தது. 2025-இல் 5,200 பேரைத் தொடர்ந்த டென்மார்க் ஆய்வு வேறிடத்தில் கை வைத்தது: கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் தாண்டி ஓடுவதுதான் ஆபத்தைக் கூட்டியது. வாரம் முழுதும் சும்மா இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு பிச்சாவரம்வரை ஓடிப்போகிறவருக்கு இது நேராகப் பொருந்தும். ஷின் பெயின் என்று காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பையன்களில் பலர் ஓடிய தூரம் மிகக் குறைவு. அறிவிப்பு வந்த வாரமே முழு வேகத்தில் தொடங்கியதுதான் காரணம்.

பெண்களின் நிலை தனியாகப் பேச வேண்டியது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்த உடம்பில் தூரத்தைக் கூட்டினாலும் வேகத்தைக் கூட்டினாலும் களைப்புதான் கூடும். ஓடத் தொடங்குமுன் ஒரு ரத்தப் பரிசோதனை, தேவையானால் அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரை. இது பயிற்சியின் முதல் பாடம். அடுத்த தடை இருட்டு. வெக்கைக்கு முன் ஓடி முடிக்க ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். ஐந்து மணிக்குத் தனியே ஓடப் பாதுகாப்பான, விளக்குள்ள இடம் எத்தனை பெண்களுக்குக் கிடைக்கிறது? தூரம் சேர்ப்பது அவர்களுக்கு உடம்பின் கேள்வியாவதற்கு முன்பே தெருவின் கேள்வியாக நிற்கிறது.

இதையெல்லாம் ஏழு பத்தில் நிற்கும் அந்தப் பையனுக்கு ஒரு வாரமாக எழுதினால் இப்படி வரும். திங்கள், வியாழன், சனி மூன்று நாளும் 5 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஆனாலும் பரவாயில்லை, பேசிக்கொண்டே ஓட வேண்டும். செவ்வாய் 400 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றும் 1 நிமிடம் 48 வினாடி, நடுவில் இரண்டு நிமிட நடை. முதலாவதும் ஆறாவதும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும், அதுதான் பாடம். ஞாயிறு 7 கிலோமீட்டர் மிக மெதுவாக. புதன், வெள்ளி ஓய்வு, அல்லது வீட்டுக்கும் வேலைக்கும் சைக்கிள். வார்ம்-அப்பையும் சேர்த்தால் 27 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும், முன்பு ஓடியதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கடும் நாள் ஆறிலிருந்து ஒன்றாகக் குறைந்திருக்கும். இந்த அளவை முதல் வாரத்திலேயே தொட வேண்டியதில்லை, ஐந்தாறு வாரத்தில் வந்து சேரலாம். நேரம் பார்ப்பது மூன்று வாரத்துக்கு ஒருமுறை. தேர்வுக்கு முந்திய பத்துப் பதினைந்து நாளில் தூரத்தைப் பாதியாக்கி வேகத்தை அப்படியே வைக்க வேண்டும். 2007-இல் பல ஆய்வுகளைத் தொகுத்த போஸ்கே குழு கண்டதும் ஏறக்குறைய இதுவே. இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர் அன்று காலை கடும் பயிற்சியைத் தொடக் கூடாது. தூங்கி எழுந்து மாலையில் எளிதாக ஓடினால் போதும்.

இந்தப் பையன்களில் பலருக்குப் பயிற்சியாளர் கிடையாது. சீனியர் சொன்னதும் செல்போனில் பார்த்ததும்தான் வழிகாட்டி. 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறை இருக்கிறது. இந்த மாவட்டத்துப் பள்ளிகளின் பி.டி. மாஸ்டர்கள் பலர் அங்கே படித்து வந்தவர்கள். கடலூரில் மாவட்ட விளையாட்டு மைதானம் இருக்கிறது. எழுத்துத் தேர்வுக்கும் உடல்திறன் தேர்வுக்கும் நடுவே வாரங்கள் இருக்கின்றன. முதுகலை மாணவர்கள் இருவர் பத்து வாரம் காலையில் வந்து நின்றால், விருப்பமுள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பழைய தினசரி நேர ஓட்டத்திலும் மறு பாதியை மெதுவான தூரமும் ஒரு கடும் நாளும் கொண்ட முறையிலும் ஓட விட்டு, முதல் நாளும் கடைசி நாளும் 1500 மீட்டர் நேரம் எடுக்கலாம். குரோனிங்கனிலும் சூரிக்கிலும் எடுத்த எண்களை விட்டு நம் வெக்கையில், நம் சோற்றில், நம் மணலில் ஓடுகிறவர்களின் எண்கள் கைக்கு வரும். பெண்களையும் அதில் சேர்க்க வேண்டுமானால் மைதான விளக்குகளை நாலே முக்காலுக்குப் போட வேண்டும்.